அழையா வீட்டில் நுழையும் அழைப்பு

சென்ற ஆண்டு மாரிகாலத்தில் நிகழ்ந்த சங்கதி இது. என் தாயாரின் வலக்கண்ணிற் புரை வளர்ந்திருந்தது. சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலையொன்றிற் பெயரைப் பதிந்துவிட்டு, முறை வரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், கல்லூரி ஆசிரியர் அறையிற் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி அதிர்ந்தது. முன்பின் அறியாத எண். அந்த வாரத்தில் மட்டும் கடனட்டை வேண்டுமா என ஒருவரும், காப்புறுதி செய்யவில்லையா என ஒருவரும், காணித்துண்டு வாங்குகின்றீர்களா என இருவரும் என்னை அழைத்திருந்தனர். இதுவும் அத்தகையதே என்று எண்ணி அழைப்பைத் துண்டித்தேன். மீண்டும் அதிர்ந்தது, மீண்டும் துண்டித்தேன்.

அழைத்தது வைத்தியசாலை. அன்று வரவேண்டிய நோயாளர் ஒருவர் வரவில்லை. அவருக்குரிய இடத்தை அம்மாவுக்குத் தரலாம் என்று அறிவிப்பதற்காகவே அழைத்திருக்கின்றார்கள். பதில் கிடையாமையால் அடுத்தவருக்கு அவ்விடம் போயிற்று. அவர்களைக் குறை கூற யாதொரு நியாயமும் இல்லை. அம்மாவின் கண் மேலும் பதினொரு வாரம் காத்திருந்தது. "அதுக்கென்ன தம்பி, மற்றக் கண் தெரியுதுதானே" என்று அவர் சொன்னதைக் கேட்டபோது, நாலு வார்த்தை ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும் எனத் தோன்றியது.

என் அசட்டையை ஊரறியச் செய்வது இதைச் சொல்வதன் நோக்கமன்று. வேண்டாத விற்பனை அழைப்புகளால் வரும் தீங்கை நாம் பெரும்பாலும் நிமிடக் கணக்கிலேயே அளக்கின்றோம். அரை நிமிடம் போயிற்று, அவ்வளவுதானே என்று அமைதி கொள்கின்றோம். மெய்யான நட்டம் அந்த அரை நிமிடத்தில் இல்லை. மணி ஒலித்தால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று நம்பியிருந்த காலம் போய், மணியோசையையே சந்தேகிக்கும் பழக்கம் நமக்கு ஏற்பட்டுவிட்டதே, அதுதான் நட்டம்.

என் வயதொத்த யாழ்ப்பாணத்தார்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. எங்கள் சிறுபராயத்திற் பல ஆண்டுகள் வீடுகளிலே தொலைபேசி மணி ஒலித்ததில்லை. பிற்காலத்திற் சந்திக்குச் சந்தி தொடர்பு நிலையங்கள் தோன்றின. "உங்கடை மூத்தவர் ஐந்து மணிக்கு எடுப்பாராம்" என்று ஒரு பையன் சைக்கிளில் வந்து சொல்லிப் போவான். அம்மா சேலை மாற்றிக்கொண்டு மூன்றரை மணிக்கே புறப்பட்டுவிடுவார். கடை வாங்கில் வரிசையாகத் தாய்மார் இருப்பர். மணி ஒலிக்குந்தோறும் அத்தனை பேரும் ஒருசேர நிமிர்ந்து பார்ப்பர். அந்த ஓசைக்கு அன்று இருந்த பெறுமதியை அறிந்தவர்களே, இன்று அதைச் செவியிற் கேட்டதும் முகஞ் சுளிக்கின்றோம்.

படலையும் மணியும்

ஊர்களிலே துணி மூட்டையைத் தோளிற் சுமந்துவரும் வியாபாரி படலையடியில் நின்றுதான் குரல் கொடுப்பான். உள்ளிருந்து "வேண்டாம்" என்று மறுமொழி வந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். வேண்டுமென்றால் படலை திறக்கப்படும். அவன் தானாகத் திறந்து அடுக்களை வாசலில் வந்து நின்றால் அது பெரிய குற்றம். (வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கி இளைப்பாறவென்று சங்கடப்படலை கட்டிவைத்த ஊரவர்கள் நாம். வருவோரை வெறுப்பவர்கள் என்று எவரும் எண்ண வேண்டாம்.) தொலைபேசிக்கோ படலையே கிடையாது. அது அடுக்களையில் ஒலிக்கும், சுவாமியறையில் ஒலிக்கும், மரண வீட்டிலும் ஒலிக்கும். ஒலித்த பின்னரே, வந்தவர் யாரென்று அறிய முடியும்.

ஆகவே வினா இதுதான்: திறக்கும் உரிமை யாருடையது? இவ்வினாவைத் தொலைபேசிக்கு முன்னரே வீட்டு மணியை வைத்து விசாரித்திருக்கின்றார்கள். ஐக்கிய அமெரிக்காவிலே ஒஹாயோ மாநிலத்தில் ஸ்ட்ரதர்ஸ் என்றொரு சிறு தொழில் நகரம் உண்டு. அங்கே இரவில் வேலைசெய்து பகலில் உறங்கும் தொழிலாளர் பலர். அவர்களின் உறக்கத்தைக் காக்கும் பொருட்டு, துண்டுப் பிரசுரம் கொடுப்பதற்காக எவரும் வீட்டு மணியை அடிக்கவோ கதவைத் தட்டவோ கூடாது என நகரசபை விதி செய்தது. சமயக் கூட்டமொன்றின் அழைப்பிதழை வீடுவீடாகக் கொடுத்த ஒரு பெண்மணி அவ்விதியின்கீழ்த் தண்டிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1943ஆம் ஆண்டில் நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. அதற்குக் கூறப்பட்ட காரணம் கவனிக்கத்தக்கது. வருபவரை ஏற்பதா மறுப்பதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். அவருக்காக நகரசபை தீர்மானிக்கலாகாது. வேண்டாதவர் வாசலில் ஓர் அறிவித்தலை மாட்டட்டும். அதை மீறி வருவோரைச் சட்டம் தண்டிக்கட்டும் என்பதே தீர்ப்பின் சாரம்.

1970ஆம் ஆண்டில் அதே வினா தபாற்பெட்டி வடிவில் வந்தது. தமக்கு அருவருப்பான விளம்பரங்களை அனுப்பும் கம்பனியை நிறுத்தும்படி தபாற் பகுதியிடம் வீட்டுக்காரர் கேட்கலாம் என்றொரு சட்டம் இருந்தது. தபால் வழி வியாபாரிகள், இது எமது பேச்சுச் சுதந்திரத்துக்கு மாறானது என்று வழக்காடினர். பிரதம நீதியரசர் வாறன் பேர்கரும் ஏனைய நீதியரசர்களும் ஒருமனதாக அவ்வாதத்தை நிராகரித்தனர். பேசுவதற்கு உரிமை உண்டு. கேட்க விரும்பாதவனைக் கேட்கச் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை என்பது அவர்கள் கொண்ட முடிவு. அந்தத் தீர்ப்பே பின்னாளில் தொலைபேசிக்கும் துணை நின்றது.

பட்டியல் பிறந்த கதை

1991இல் அமெரிக்கக் காங்கிரஸ் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. தென் கரோலினாவைச் சேர்ந்த செனற்றர் ஏர்னஸ்ற் ஹொலிங்ஸ் அதனை முன்னின்று நடத்தியவர். இயந்திரம் தானே எண்களைச் சுழற்றிப் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடும் அழைப்புகளை நவீன நாகரிகத்தின் சாபக்கேடு என்று அவர் சபையிற் சாடினார். சட்டத்தை மீறிய அழைப்பு ஒவ்வொன்றுக்கும் 500 டொலர் கோரிச் சாதாரணப் பிரஜையே வழக்கிடலாம்; வேண்டுமென்றே மீறியிருந்தால் 1,500 டொலர் வரை பெறலாம். இருந்தும் தொல்லை ஓயவில்லை. "என்னை அழைக்காதே" என்று ஒவ்வொரு கம்பனியிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. கம்பனிகளோ ஆயிரக்கணக்கில் இருந்தன.

எனவே நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் திறக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு ஜூன் 27ஆந் தேதி பதிவு ஆரம்பமாயிற்று. முதற் சில நாட்களுக்குள்ளேயே ஒரு கோடி எண்கள் பதிவாகின. பட்டியலிலுள்ள எண்ணை அழைக்கும் விற்பனையாளருக்கு அழைப்பொன்றுக்கு 11,000 டொலர் வரை தண்டம் என அறிவிக்கப்பட்டது.

அப்போது நிகழ்ந்த வேடிக்கை ஒன்றைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. அமெரிக்கத் தொலைவிற்பனையாளர் சங்கம் இப்பட்டியலை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. மயாமி ஹெரால்ட் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதிவந்த டேவ் பரி என்பவர், அந்தச் சங்கத்தின் தொலைபேசி எண்ணைத் தமது பத்தியில் அச்சிட்டு, அவர்களுடன் பேச விரும்புவோர் பேசலாமே என்று எழுதிவிட்டார். வாசகர்கள் ஆயிரக்கணக்கில் அழைத்தார்கள். சங்கம் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்தி, பதிவுசெய்த குரலொன்றை வைக்க வேண்டியதாயிற்று. தமக்கு நேர்ந்த இடைஞ்சலைப் பற்றி அச்சங்கத்தார் முறைப்பட்டார்களாம்!

அதே ஆண்டு செப்டெம்பரில் நாடகம் உச்சத்தை அடைந்தது. பட்டியலை நடத்தும் அதிகாரம் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவுக்கு இல்லை என்று 23ஆந் தேதி ஒக்லஹோமா நகரத்து நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். இரண்டே நாட்களில் காங்கிரஸ் அந்த அதிகாரத்தைச் சட்டமாக்கியது. கீழ்ச்சபையில் ஆதரவு 412, எதிர்ப்பு 8; செனற் சபையில் ஆதரவு 95, எதிர்ப்பு ஒன்றுமில்லை. பதிவான எண்கள் அப்போது ஏறத்தாழ 5 கோடி. ஐந்து கோடி எண்களுக்குப் பின்னால் எத்தனை வாக்காளர் என்று கணக்கிட அரசியல்வாதிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே நாளில் டென்வர் நகரத்து நீதிபதி ஒருவர் பேச்சுச் சுதந்திரத்தைக் காரணங் காட்டி மீண்டும் தடை விதித்தார். இறுதியில் 2004 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பட்டியல் செல்லும் எனத் தீர்த்தது. அரசாங்கம் எவர் வாயையும் அடைக்கவில்லை. வீட்டுக்காரர் தம் விருப்பத்தின்படி மாட்டிய அறிவித்தலுக்கு மதிப்பளிக்கச் செய்கின்றது, அவ்வளவே என்றது. ஸ்ட்ரதர்ஸ் நகர வழக்கில் அறுபது ஆண்டுகளுக்கு முன் கூறப்பட்ட அதே நியாயம்.

ஆயினும் காங்கிரஸ் உறுப்பினர்கள் தம்மை மறக்கவில்லை. தேர்தல் பிரசார அழைப்புகளுக்கு அப்பட்டியல் தடையன்று!

இப்போது அப்பட்டியலில் 25 கோடிக்கு மேற்பட்ட எண்கள் உள்ளன. அப்படியானால் அந்நாட்டு மக்கள் அமைதியாக வாழ்கின்றனரா? இல்லை. நேர்மையான கம்பனிகள் பட்டியலுக்குக் கட்டுப்பட்டன. நேர்மையற்றோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. இணையவழியாக அழைக்கும் வசதி வந்தபின், கடல் கடந்த நாட்டிலிருந்து ஒரு தெரு தள்ளியிருக்கும் வீட்டு எண்போலத் தோன்றும்படி அழைப்பது எளிதாயிற்று. யாரென்றே தெரியாதவனுக்குத் தண்டம் விதிப்பது எங்ஙனம்? ஆகவே திரையிற் காணப்படும் எண் மெய்யானதுதான் என்று ஒரு தொலைபேசிக் கம்பனி மற்றதற்கு மின்கையொப்பமிட்டு உறுதிசெய்யும் முறையை 2019 டிசெம்பரில் சட்டமாக்கினர். பெரிய கம்பனிகள் 2021 ஜூன் முடிவுக்குள் அதனை நிறுவ வேண்டும் எனப்பட்டது. முகமூடியைக் கழற்றும் அந்த வேலையே இன்னும் நடந்துகொண்டிருக்கின்றது.

கேட்டு வருவதும் கேளாமல் வருவதும்

அமெரிக்கர் வழியில் ஒரு குறை அடிப்படையிலேயே உண்டு. அழைக்காதே என்று சொல்லும் வேலை வீட்டுக்காரன் தலையில் விழுகின்றது; சொல்லாதவன் சம்மதித்தவனாகக் கொள்ளப்படுகின்றான். ஜேர்மனியர் இதனை மறுதலையாக வைத்தனர். 1970 ஜூனிலேயே அந்நாட்டு உயர் நீதிமன்றம், முன் தொடர்பில்லாத தனியாள் ஒருவரின் வீட்டிற்கு விளம்பரத்துக்காகத் தொலைபேசி எடுப்பது முறையற்ற வியாபாரம் என்று தீர்த்துவிட்டது. அங்கே முன்கூட்டி வெளிப்படையான சம்மதம் பெறாமல் அழைக்கலாகாது. மீறினால் 300,000 யூரோ வரை தண்டம். 2021 முதல், அச்சம்மதத்தைப் பெற்றமைக்குச் சான்று எழுதிவைத்து ஐந்து ஆண்டுகள் பேண வேண்டும் என்றும் விதித்துள்ளனர். "நீங்கள்தான் ஆம் என்றீர்களே" என்று சொல்லித் தப்ப முடியாது. எங்கே, எப்போது என்று காட்ட வேண்டும். படலை அங்கே மூடியபடி இருக்கின்றது. திறக்கும் தாழ் உட்புறத்தில் இருக்கின்றது. இதுவே முறையானது என்பது என் துணிபு.

அயல்நாடாகிய இந்தியாவின் அனுபவம் வேறொரு பாடம். 2007இல் அங்கேயும் பட்டியல் முறைதான் தொடங்கிற்று. குறுந்தகவல்கள் வெள்ளமாகப் பெருகவே, 2011இல் ஒருவர் நாளொன்றுக்கு 100 குறுந்தகவலுக்கு மேல் அனுப்பலாகாது என்று வரையறுத்தனர். பின்னர் அதை 200 ஆக்கினர். வியாபாரியைத் தடுக்க விரித்த வலையிற் சாதாரண மக்களும் அகப்பட்டுக்கொண்டனர். 2012இல் டில்லி உயர் நீதிமன்றம் அவ்வரையறையை நீக்கியது. 2018இல் வகுத்த புதிய விதிகள் அனுப்புவோர் பெயரையும், அனுப்பும் வாசகத்தின் அமைப்பையும், பெறுவோர் சம்மதத்தையும் முன்கூட்டியே பதிவேட்டில் ஏற்றச் சொல்கின்றன. 2025 முதல் அனுப்புவோர் பெயரின் ஈற்றெழுத்தைப் பார்த்தே அது விளம்பரமா, சேவைச் செய்தியா, அரசாங்க அறிவித்தலா என்று அறியலாம். யார் வந்திருக்கின்றார் என்பதைப் படலையிலேயே சொல்லச் செய்யும் ஏற்பாடு இது.

எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஜேர்மனியர் பக்கமே சாய்ந்திருக்கின்றது. ஒருவருடைய சம்மதமின்றி அவருக்கு விளம்பரச் செய்தி அனுப்பலாகாது என்றும், பின்னர் வேண்டாமென்பவர் செலவின்றி விலக வழி காட்டப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கின்றது. ஏட்டிலுள்ள வாசகம் நல்ல வாசகமே. ஏட்டிலிருந்து அது நம் வீட்டு மணிக்கு வந்துசேர நாட்செல்லும் என்பதை, இக்கட்டுரையை எழுதும்போதே வந்து விழுந்த இரண்டு குறுந்தகவல்கள் எனக்கு உணர்த்தின. ஒன்றின் அடியில், நிறுத்த விரும்பினால் இன்ன சொல்லை இன்ன எண்ணுக்கு அனுப்புக என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. என் தாயாருக்கு அந்த ஆங்கிலமும் தெரியாது. அந்தப் பொடி எழுத்தும் தெரியாது.

இனி, நம் எண் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? இதற்கு விடையை என் பழைய மாணவன் ஒருவன் சொன்னான். உயர்தரத்தில் நன்றாகச் சித்தியெய்தியும் தகுந்த வேலை கிடையாமையால், சில காலம் ஒரு விற்பனை அழைப்பு நிலையத்தில் இருந்தவன். "சேர், காலையில் வந்ததும் ஒரு பட்டியல் தருவார்கள். பேரும் எண்ணும் இருக்கும். எங்கிருந்து வந்ததென்று நாங்கள் கேட்பதில்லை. மாலைக்குள் முடிக்க வேண்டும். ஏச்சு வாங்காத நாள் இல்லை" என்றான். ஒருமுறை பட்டியலில் என் பெயரையே கண்டு, தாண்டிப் போய்விட்டானாம். அதைக் கேட்டு நான் சிரித்தேனாயினும், அவனைப் போன்ற எத்தனை பிள்ளைகளைக் கடுஞ்சொற் கூறித் துண்டித்திருக்கின்றேன் என்ற நினைவு உள்ளே உறுத்தியது. அழைப்பவர் அந்தப் பிள்ளைகளல்லர். அவர்களுக்குப் பின்னால் முகங் காட்டாமல் இருப்பவரே.

பட்டியல் எங்கிருந்து வந்ததென்று அவன் அறியான். நான் ஒருவாறு அறிவேன். தீபாவளிக்குப் புடைவை வாங்கிய கடையில், சோறு சமைக்கும் மின்பானை பரிசு என்றொரு சீட்டிழுப்பு. பெயர், விலாசம், பிறந்த தேதி, தொலைபேசி எண் யாவற்றையும் அழகிய கையெழுத்தில் நானே நிரப்பிப் பெட்டியிற் போட்டேன். பானை வரவில்லை; அழைப்புகள் வந்தன. வகுப்பிலே, எதனையும் வாசியாமற் கையொப்பமிடாதே என்று மாணவருக்கு ஓயாது உபதேசிப்பவன் நான்.

ஆதலால் இல்லத்தரசிகளும் மாணவரும் இவ்வளவை மனத்திற் கொள்ளலாம். பொருள் வாங்கியதற்குப் பற்றுச்சீட்டுத் தர எவருக்கும் நம் தொலைபேசி எண் தேவையில்லை. கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். பரிசு விழுந்தது என்பவரிடமும் வங்கியிலிருந்து பேசுகின்றோம் என்பவரிடமும், கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை ஒருபோதும் சொல்லாதீர்கள். விற்பனைத் தொல்லைக்கும் களவுக்கும் இடையே இப்போது வேலி மிகத் தாழ்ந்துவிட்டது. வைத்தியசாலை, பாடசாலை, பிள்ளையின் நேர்முகப் பரீட்சை போன்றவற்றிலிருந்து அழைப்பை எதிர்பார்த்திருந்தால், அவர்கள் எந்த எண்ணிலிருந்து அழைப்பார்கள் என்று முன்னரே கேட்டுப் பெயரோடு பதிந்துகொள்ளுங்கள். இந்த யோசனை எனக்குப் பதினொரு வாரம் பிந்தியே தோன்றியது.

தை மாதத்தில் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. இப்போது எண்களை அவரே வாசிக்கின்றார். சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துக்கொண்டிருக்கையில் என் தொலைபேசி ஒலித்தது. "தம்பி, ஆரெண்டு தெரியேல்லை, எடுக்கட்டோ?" என்று கேட்டவர், என் மறுமொழிக்குக் காத்திராமல் எடுத்துவிட்டார். நான் துடைத்துக்கொண்டு வந்தபோது, கொழும்பிலிருந்து ஒரு பெண் காப்புறுதித் திட்டமொன்றை விபரித்துக்கொண்டிருந்தாள். அம்மா இறுதிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, சாப்பிட்டாயா பிள்ளை, எந்த ஊர், ஞாயிற்றுக்கிழமையும் வேலையா என்றெல்லாம் விசாரித்து, "எங்களுக்கு வேண்டாம் மோனை" என்று சொல்லி வைத்தார்.

இவ்வளவு நேரம் ஏன் கதைத்தீர்கள் என்று கேட்டேன். "படலையிலை வந்து நிண்ட பிள்ளையை வாய் திறவாமல் அனுப்பிறதோ?" என்றார்.

அன்று பொழுது படுவதற்குள் அதே கம்பனியிலிருந்து இன்னும் மூன்று அழைப்புகள் வந்தன. மூன்றையும் அம்மாவே எடுத்தார்.